கட்டி முடித்த பின்: கட்டட நிறைவுச் சான்றின் வரலாறு

கட்டடம் ஒன்று எந்நாளில் முடிவு பெறுகின்றது என்று கேட்டால், கொத்தனார் ஒரு விடை சொல்வார். உடையவர் வேறொரு விடை சொல்வார். சட்டம் மூன்றாவது விடையொன்றைச் சொல்லும். பூச்சு வேலை முடிந்து சாரம் பிரித்த நாளே கொத்தனாருக்கு முடிவு நாள். பால் காய்ச்சிப் புதுமனை புகுந்த நாளே உடையவருக்கு முடிவு நாள். சட்டத்திற்கோ, இசைவளித்த வரைபடத்தின்படியே இக்கட்டடம் எழுந்துள்ளது, மக்கள் இதனுட் புகலாம் என்று உரிய அலுவலர் நேரில் கண்டு கையொப்பமிட்ட நாளே முடிவு நாளாகும். இம்மூன்றாவது நாள் எவ்வாறு பிறந்தது என்பதையே ஈண்டுக் கூறப் புகுகின்றோம். கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மலரில் இப்பொருள் எதற்கு என்று இளைஞர் சிலர் வினவுதல் கூடும். பள்ளியும் விடுதியும் நடத்துவோர் ஆண்டுதோறும் அலுவலகங்களுக்கு எடுத்துச் செல்லும் தாள்களின் பின்னே என்ன நிகழ்ந்தது என்பதை அறிந்தால் அவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். நம் மாநிலத்தைப் பொறுத்தவரை இச்சான்றின் வரலாற்றில் பெரும்பகுதி பள்ளிப் பிள்ளைகளின் சாவினால் எழுதப்பட்டது.

அளந்து தொடங்குதல் நமக்குப் புதியதன்று. நண்பகற் பொழுதின் நிழலைக் கொண்டு திசை குறித்து, நூலிட்டு அளந்து அரண்மனை அமைத்த செய்தியை நெடுநல்வாடை கூறுகின்றது. நல்ல நாள் பார்த்து மனை முகூர்த்தம் செய்யும் வழக்கமும் இன்றுவரை தொடர்கின்றது. ஆனால், கட்டி முடித்தபின் கட்டியவரும் அல்லாத, உடையவரும் அல்லாத மூன்றாமவர் ஒருவர் வந்து பார்த்தல் வேண்டும் என்பது வேறு ஏற்பாடு. நம் நகராட்சிச் சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் எழுதப்பட்டவையாதலின், இவ்வேற்பாட்டின் வேரைத் தேடி இலண்டன் மாநகர் வரை நாம் செல்லவேண்டியிருக்கின்றது.

1666-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 2-ஆம் நாள் இலண்டனில் ஓர் அடுமனையில் பற்றிய தீ நான்கு நாட்கள் எரிந்து, பதின்மூவாயிரத்திற்கும் மேற்பட்ட வீடுகளை விழுங்கியது. அந்நகரின் வீடுகளிற் பெரும்பாலானவை மரத்தால் அமைந்தவை. இனிச் செங்கல்லாலும் கருங்கல்லாலுமே வீடுகள் கட்டப்படவேண்டும், இன்ன தெருவில் இன்ன உயரம், இன்ன கனத்தில் சுவர் என்று 1667-ஆம் ஆண்டு சட்டம் இயற்றினர். சட்டம் எழுதினால் மட்டும் போதாது, அதன்படி கட்டுகின்றனரா என்று பார்ப்பதற்கும் ஆள் வேண்டும் என்று உணர்ந்து மேற்பார்வையாளரையும் அமர்த்தினர். பிற்காலத்துக் கட்டட ஆய்வாளர் அனைவர்க்கும் முன்னோர் அவர்களே.

சென்னை மாகாணத்தில் 1919-ஆம் ஆண்டின் சென்னை மாநகராட்சிச் சட்டமும், 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டமும் கட்டடங்களுக்கு விதிகள் வகுத்தன. மனையின் படமும் கட்டடத்தின் படமும் தந்து, இசைவு பெற்ற பின்னரே வேலை தொடங்கவேண்டும் என்றன. இச்சட்டங்கள் கட்டடங்களை இரு சாதியாகப் பிரித்துவைத்தமை கருதத்தக்கது. மரம், மண், ஓலை, புல் முதலியவற்றால் ஆனது ‘குடிசை’, ஏனையது காரைக்கட்டடம். இரண்டிற்கும் தனித்தனி விதிகள். 1920-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றுமொரு விதியும் உண்டு. துணி, புல், ஓலை, பாய் போன்ற எளிதில் தீப்பற்றும் பொருள்களால் கட்டடத்தின் வெளிக்கூரையையோ பந்தலையோ சுவரையோ நகராட்சியின் செயல் அலுவலரது இசைவின்றி அமைத்தல் கூடாது என்பதே அது. அவ்விதியை இளைஞர்கள் நினைவில் இருத்திக்கொள்ளுமாறு வேண்டுகின்றோம். கும்பகோணத்தைப் பற்றிப் பேசும்பொழுது அது மீண்டும் தேவைப்படும்.

அக்காலத்துச் சட்டத்தின் கண் பெரும்பாலும் வரைபடத்தின் மீதே நிலைத்திருந்தது. தெருவுக்கும் கட்டடத்திற்கும் இடையே எவ்வளவு வெளி, காற்றும் ஒளியும் வர எவ்வளவு திறப்பு, கழிவுநீர் எவ்வழியே செல்லும் என்பனவெல்லாம் தாளில் சரிபார்க்கப்பட்டன. தாளில் இருந்தது தரையில் எழுந்ததா என்று பார்க்கும் வழக்கம் அதற்கீடாக வளரவில்லை. வரைபட இசைவு கிடைத்துவிட்டால் பாதிக் கட்டடம் முடிந்தாற்போல என்று மக்களும் கருதினர். இன்றும் பலர் அவ்வாறே கருதுகின்றனர்.

1964-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் மதுரையில் பெண்கள் பயின்ற பள்ளிக் கட்டடமொன்று இடிந்து விழுந்து, முப்பதுக்கும் மேற்பட்ட மாணவியர் மாண்டனர். அவர்களைக் கொன்றது தீயன்று, வெள்ளமன்று. தலைக்கு மேலிருந்த தளமே. அதற்கு மறு ஆண்டில், 1965-இல், பொதுக் கட்டடங்கள் உரிமச் சட்டம் நம் மாநிலத்தில் இயற்றப்பட்டது. பள்ளி, விடுதி, மருத்துவமனை, நூலகம், திருமண மண்டபம் போன்று பலர் கூடும் கட்டடம் எதுவாயினும், கட்டி முடித்தால் மட்டும் போதாது, அதனைப் பொதுக் கட்டடமாகப் பயன்படுத்துவதற்குத் தனியே உரிமம் பெறுதல் வேண்டும் என்று அச்சட்டம் கூறிற்று. தகுதி பெற்ற பொறியாளர் கட்டடத்தை ஆராய்ந்து உறுதிச் சான்று தரவேண்டும். அதனை வைத்து வட்டாட்சியர் உரிமம் வழங்குவார். அவ்வுரிமமும் என்றென்றைக்கும் உரியதன்று. மூன்று ஆண்டுகள் கழிந்தால் மீண்டும் பெறவேண்டும். கட்டடம் மனித உடலைப் போன்று மூப்படையும் பொருள் என்பதை ஒப்புக்கொண்ட சட்டம் என்பதால், நம் மாநிலத்துச் சட்டங்களுள் இதனை நாம் மிகவும் மதிக்கின்றோம். ஆயின் சட்டத்தில் இருந்த அறிவு நடைமுறையில் இருந்ததா என்பது வேறு.

2004-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16-ஆம் நாள் முற்பகலில், கும்பகோணம் நகரில் அரசு உதவி பெற்ற தனியார் பள்ளியொன்றின் சமையற்கூடத்தில் மதிய உணவுக்காக உலை வைக்கப்பட்டது. அச்சமையற்கூடத்தின் கூரை தென்னங்கீற்று. அதிற் பற்றிய தீ மாடியில் வகுப்பறைகளாய் அமைந்த கூரைக்குத் தாவிற்று. மேலே சிறு வகுப்புப் பிள்ளைகள் நெருக்கமாக அமர்ந்திருந்தனர். இறங்குவதற்கு இருந்த படிக்கட்டோ மிகக் குறுகியது. எரியும் கீற்றும் மூங்கிலும் பிள்ளைகள் மீதே சரிந்தன. 94 குழந்தைகள் மாண்டனர். ஒரே வளாகத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன என்பதும் பின்னர் வெளிவந்தது.

ஏழைப் பெற்றோர் நம்பி அனுப்பிய பள்ளி அது. மதிய உணவு கிடைக்கும் என்பதும் அந்நம்பிக்கையின் ஒரு பகுதி. அந்த உணவை ஆக்கிய அடுப்பே எமனாயிற்று என்று அந்நாளில் பலர் எழுதினர். நாம் அவ்வாறு சொல்ல ஒருப்படோம். அடுப்பு எரிவது இயல்பு. அடுப்பின் மேலே ஓலை இருந்ததும், ஓலைக்கு மேலே பிள்ளைகள் இருந்ததும் இயல்பல்ல. எண்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே இசைவின்றி ஓலைக்கூரை அமைத்தலை நகராட்சிச் சட்டம் தடுத்திருந்தது. முப்பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன்னரே பள்ளிக் கட்டடத்திற்கு உரிமம் வேண்டும் என்று மற்றொரு சட்டம் விதித்திருந்தது. இவ்விரு சட்டங்களும் உயிரோடிருந்த நகரில்தான் அக்குழந்தைகள் மாண்டார்கள்.

நீதியரசர் சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளியை நடத்தியவர்கள் மட்டுமன்றி, அலுவலர்களும், கட்டடம் உறுதியானது என்று சான்று வழங்கிய பொறியாளரும் குற்றஞ்சாட்டப் பெற்றோர் வரிசையில் நின்றனர். பத்து ஆண்டுகள் கழித்து, 2014 சூலை 30-ஆம் நாள், தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் என்று தீர்த்துப் பதினொருவரை விடுவித்தது. 2017-இல் உயர்நீதிமன்றத்தில் அத்தண்டனைகளுட் பல குறைந்தன அல்லது நீங்கின. தீர்ப்பின் நிறைகுறையை ஆராய்வது இக்கட்டுரையின் வேலையன்று. உறுதிச் சான்றில் இடப்படும் ஒரு கையொப்பம் குற்றவியல் வழக்கு வரை செல்லக்கூடியது என்பதை மாநிலம் முழுவதும் அப்பொழுதுதான் கண்கூடாகக் கண்டது என்பதை மட்டும் குறித்துவைக்கின்றோம்.

அதன்பின் பள்ளிகளின் ஓலைக்கூரைகள் அகற்றப்பட்டன. உச்சநீதிமன்றத்தில் இத்துயரத்தை முன்வைத்துத் தொடரப்பட்ட வழக்கில் 2009 ஏப்ரல் 13-ஆம் நாள் தீர்ப்பு வந்தது. கல்வி பெறும் உரிமை என்பது பாதுகாப்பான பள்ளியில் கல்வி பெறும் உரிமையையும் உள்ளடக்கியது என்றும், பள்ளிக் கட்டடங்கள் தேசியக் கட்டட விதித்தொகுப்பின் நெறிகளைப் பின்பற்றவேண்டும் என்றும் அது கூறிற்று. கல்வி உரிமையைப் பற்றிப் பேசும் நம் இளைஞர்கள் இட ஒதுக்கீட்டுத் தீர்ப்புகளை நன்கறிவர். இத்தீர்ப்பையும் அவற்றோடு சேர்த்து அறிந்திருத்தல் நலம். இன்று தனியார் பள்ளியொன்று அங்கீகாரம் பெறவோ புதுப்பிக்கவோ செல்லும்பொழுது, கட்டட உறுதிச் சான்று, வட்டாட்சியரின் கட்டட உரிமம், சுகாதாரச் சான்று, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று ஆகிய நான்கும் கேட்கப்படுகின்றன. இந்நான்கு தாள்களும் யாரோ ஓர் அலுவலர் நம்மை அலையவைப்பதற்காகக் கண்டுபிடித்தவை என்று எண்ணுவோர் உளர். ஒவ்வொரு தாளுக்கும் கீழே பிள்ளைகளின் சாம்பல் இருக்கின்றது.

இதுகாறும் பள்ளியைப் பற்றிக் கூறினோம். பிற கட்டடங்களின் கதை வேறு வழியே வளர்ந்தது. 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டமும், அதன்வழி வந்த சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமும் திட்ட அனுமதி என்னும் முறையை வலுப்படுத்தின. அம்முறையின் குறையை 2014 சூன் 28-ஆம் நாள் மௌலிவாக்கம் காட்டிற்று. சென்னையை அடுத்த அவ்வூரில் எழுந்துகொண்டிருந்த பதினொரு மாடிக் கட்டடம் ஒன்று மழை பெய்த மாலைப்பொழுதில் முழுவதுமாகச் சரிந்தது. 61 பேர் மாண்டனர். ஆந்திரத்தின் வடகோடியிலிருந்தும், ஒடிசாவிலிருந்தும், நம் மாநிலத்திலிருந்தும் வந்து மண்ணும் கல்லும் சுமந்த கூலித் தொழிலாளரே அவர்களிற் பெரும்பாலோர். சித்தாள் வேலை செய்வோர் நம் சமுதாயத்தில் எத்துணைப் பேர் என்பதை நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை. மொழி வேறாயினும் அவர்கள் நம்மினத்தவரே.

அக்கட்டடம் திட்ட அனுமதி பெறாததன்று, பெற்றது. பக்கங்களில் எவ்வளவு வெளி விடவேண்டும், தளப்பரப்பு எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று பார்ப்பதே அனுமதி தரும் அமைப்பின் வேலை, தூண் தாங்குமா என்பது கட்டுவோரின் பொறியாளர் பொறுப்பு என்று அந்நாளில் விளக்கம் தரப்பட்டது. அவ்விளக்கம் சட்டப்படி தவறன்று என்பதே நம்மைத் திடுக்கிடச் செய்வது. கட்டடத்தின் கட்டமைப்பிலேயே குறை இருந்தது என்பது பின்னர் நடந்த ஆய்வுகளில் தெரிந்தது. நீதியரசர் இரகுபதி தலைமையிலான ஆணையம் விசாரித்தது. இடியாமல் எஞ்சி நின்ற இரட்டைக் கட்டடம் 2016 நவம்பர் 2-ஆம் நாள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. வேலை முடிந்தபின் வந்து பார்த்து இசைவளிப்பது தேவை, ஆனால் அது மட்டும் போதாது என்பது இதிலிருந்து விளங்கும். அக்கட்டடம் இறுதி ஆய்வு வரும்வரை நிற்கவேயில்லை. பூச்சு பூசிய தூணுக்குள் எத்தனை கம்பி, என்ன கனம் என்று வெளியிலிருந்து எந்த ஆய்வாளரும் சொல்லிவிட முடியாது. கம்பி கட்டும்பொழுது பார்த்தால்தான் உண்டு.

2019 பிப்ரவரியில் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் இவ்வகையில் ஒரு முன்னேற்றம். வேலை தொடங்குதல், அடித்தள மட்டம், கடைசித் தளம், பணி நிறைவு என்று கட்டங்கட்டமாக அறிவித்தலும் ஆய்வும் அவ்விதிகளில் இடம்பெற்றன. பணி நிறைவுச் சான்று இல்லாமல் மின் இணைப்பும் குடிநீர், கழிவுநீர் இணைப்பும் பெறுதல் அரிதாயிற்று. 12 மீட்டர் உயரத்திற்குட்பட்ட சிறு குடியிருப்புகளுக்கு விலக்கு அளித்தனர். அவ்வரம்பு பின்னர் உயர்த்தவும் பட்டது. பள்ளிக்கு அவ்விலக்கு இல்லை. விதிமீறலைக் கண்டு இடிக்க வருவதைவிட, விளக்கெரிய விடாமல் செய்வது எளிது என்று ஆட்சியாளர் கண்டுகொண்டனர் போலும். மின்கம்பி இவ்வாறு சட்டத்தின் கையாளாயிற்று.

சான்று கையில் வந்துவிட்டால் அச்சமில்லை என்று எண்ணுவோர்க்கு மீண்டும் இலண்டன் நகரையே காட்டவேண்டியிருக்கின்றது. அந்நகரில் கிரென்பெல் கோபுரம் என்பது 24 தளங்கள் கொண்ட குடியிருப்பு. வருவாய் குறைந்தோரும், பல நாடுகளிலிருந்து குடியேறியோரும் அதில் வாழ்ந்தனர். அதனைப் புதுப்பிக்கும் வேலை 2016-இல் முடிவுற்றது. வெளிச்சுவரில் புதிய தகடுகள் போர்த்தப்பட்டன. உள்ளாட்சி அமைப்பின் கட்டடக் கட்டுப்பாட்டுப் பிரிவு பணி நிறைவுச் சான்றும் வழங்கிற்று. ஓராண்டிற்குள், 2017 சூன் 14-ஆம் நாள் நள்ளிரவிற்குப் பின் ஒரு வீட்டின் அடுக்களையில் எழுந்த தீ, அத்தகடுகள் வழியே கோபுரம் முழுதும் ஏறிற்று. அலுமினியத் தகடுகளுக்கு நடுவே தீயை வளர்க்கும் நெகிழி இருந்தது. 72 பேர் மாண்டனர். 2024 செப்டம்பரில் வந்த இறுதி விசாரணை அறிக்கை, அச்சாவுகள் அனைத்தும் தவிர்த்திருக்கக் கூடியவை என்றும், தகடு செய்தோர் முதல் சான்று வழங்கியோர் வரை பலரும் கடமை தவறினர் என்றும் கூறிற்று. ஆய்வாளர் பலமுறை வந்து சென்ற கட்டடந்தான் அது. வந்தார், கண்டார், ஆனால் காணவேண்டியதைக் காணவில்லை.

அந்நாட்டார் 2022-இல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் இயற்றினர். 18 மீட்டர் உயரமோ ஏழு தளங்களோ எட்டும் குடியிருப்புகளில் நிறைவுச் சான்று கிடைக்குமுன் மக்கள் குடியேறுதல் குற்றம் என்றாயிற்று. கட்டுவோர் தாமே ஆய்வாளரைத் தெரிந்துகொள்ளும் வழி அத்தகைய உயர்ந்த கட்டடங்களில் அடைக்கப்பட்டது. கூலி கொடுப்பவரே தேர்வாளரையும் அமர்த்தினால் தேர்வு என்னவாகும் என்பதைப் பள்ளி நடத்தும் நமக்கு எவரும் விளக்கவேண்டுவதில்லை.

இச்சான்றுகளைப் பெறுவதிலுள்ள தொல்லையை நாம் மறைக்க விரும்பவில்லை. பொருள் வலிமையுடைய நிறுவனத்திற்குப் பொறியாளரும் வழக்கறிஞரும் கைவசம் இருப்பர். நன்கொடைச் சீட்டு அச்சடித்துக் கட்டடம் எழுப்பும் எளிய கழகங்களுக்கு ஒவ்வொரு சான்றும் ஒரு பயணம், ஒரு நாட்கூலி இழப்பு. அத்துன்பத்தைப் பயன்படுத்தி, ‘நீங்கள் வரவேண்டா, நான் வாங்கித் தருகிறேன்’ என்று இடைத்தரகர் முளைக்கின்றார். அவர் கொண்டுவரும் தாளில் முத்திரை இருக்கும், கையொப்பம் இருக்கும். கட்டடத்தைப் பார்த்த கண் மட்டும் இராது. அலுவலகத்தில் சான்று கிடைக்கத் தாழ்ந்தால் முறையிடவும் கேள்வி கேட்கவும் வழியுண்டு. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவ்வழிகளுள் ஒன்று. எவரும் வந்து பாராமலே சான்று கிடைத்துவிட்டால் முறையிடுவது யாரிடம்? தாமதத்தைவிட இவ்விரைவே அஞ்சத்தக்கது என்பது நம் கருத்து.

ஒருமுறை பெற்ற சான்று நெடுங்காலம் காப்பதில்லை என்பதையும் சொல்லவேண்டும். 2021 டிசம்பர் 17-ஆம் நாள் திருநெல்வேலியில் பழைய பள்ளியொன்றின் கழிப்பறைச் சுவர் இடிந்து மாணவர் மூவர் மாண்டனர். வகுப்பறைகளைச் சுற்றிப் பார்ப்போர் கழிப்பறைச் சுவரை எங்கே பார்க்கின்றனர்? அதன்பின் மாநிலமெங்கும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்க ஆணை பிறந்தது. 1965-ஆம் ஆண்டுச் சட்டம் மூன்றாண்டுகளுக்கு ஒருமுறை பார்க்கச் சொன்னதன் பொருள், ஐம்பத்தாறு ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒரு சாவினால் நினைவூட்டப்பட்டது.

சரியாக மூன்றாண்டுகள் கழித்து, 2024 டிசம்பர் 17-ஆம் நாள், உத்தரப் பிரதேச வழக்கொன்றில் உச்சநீதிமன்றம் நாடு முழுமைக்கும் பொருந்தும் நெறிகளை வகுத்தது. நிறைவுச் சான்று பெற்ற பின்னரே கட்டடத்தை ஒப்படைத்தல் வேண்டும். மின்சாரமும் குடிநீரும் அதன் பின்னரே. வங்கிகள் அச்சான்றைப் பார்த்தே கடன் தருதல் வேண்டும். தவறாகச் சான்று வழங்கிய அலுவலர் மீது துறை நடவடிக்கை எடுக்கவேண்டும். வேலை நடக்கும் காலத்தில் அலுவலர் அவ்வப்போது வந்து பார்த்து அதனைக் குறித்துவைத்தல் வேண்டும் என்பன அவற்றுட் சில. செய்தித்தாள்கள் அவ்வளவாக எடுத்துரையாத நெறியொன்றும் அத்தீர்ப்பில் உண்டு. இசைவளிக்கப்பட்ட வரைபடத்தை, வேலை முடியும்வரை, கட்டுமிடத்திலேயே எல்லோரும் காணும்படி வைத்திருத்தல் வேண்டும் என்பதே அது. சாந்துச் சட்டியைத் தலையில் ஏந்தி அவ்வழியே நாள்தோறும் ஏறி இறங்கும் பெண்ணும் அதனைப் பார்க்கலாம். எத்தனை தளத்திற்கு இசைவு உண்டு, தான் நிற்பது எத்தனையாவது தளம் என்று அவளே எண்ணிக்கொள்ளலாம்.